திரும்பிய மீனும் காத்திருந்த தூண்டிலும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் மீன் உண்ணும் வீடுகள் பல. உண்ணாத வீடுகளும் சில உள. ஆயினும் இக்கட்டுரை இரு சாரார்க்கும் உரியது. ஏனெனில், நாம் இங்கே சொல்லப் புகுவது சமையலைப் பற்றியதன்று. ஊரை விட்டுப் போன ஓர் உயிர் மீண்டும் ஊர் திரும்பிய வரலாற்றைப் பற்றியது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்குப் போதலும் திரும்புதலும் எத்தகைய சொற்கள் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வுயிர் யாது? நம் பெண்டிர் மத்தி என்றும், தென்திருவிதாங்கூர்ப் பக்கத்தார் சாளை என்றும் வழங்கும் சிறிய மீனே அது. ஏழையின் மீன் என்று பெயர் பெற்றது. புளி கரைத்துக் குழம்பு வைப்பாரும், குடம்புளி இட்டுக் கறி வைப்பாரும் ஒரே தெருவில் வாழும் இந்நகரில், இரு அடுப்புகளுக்கும் பொதுவாக நின்ற மீன் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் இம்மீன் கேரளக் கடலை விட்டு ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பின்னர் மீண்டும் வந்தது. வந்ததனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய நாம் விழிஞ்ஞம் சென்றோம்.

விழிஞ்ஞத்துத் துறையில்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கோவளத்தைக் கடந்ததும் வருவது விழிஞ்ஞம். பண்டு ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய இடம். பாண்டியரும் சோழரும் இதன் பொருட்டுப் போர் புரிந்தனர். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைக் கோயில் ஒன்று இன்றும் அங்கே உண்டு. மீன்பிடித் துறையருகே பள்ளிவாசலும் மாதா கோயிலும் கடலை நோக்கி நிற்கின்றன. இடவப்பாதி மழை தொடங்கி மற்றக் கரைகளில் அலை சீறும் காலத்தில் இத்துறை அடைக்கலம் தருவதால், பல ஊர்களின் படகுகளும் இங்கே வந்து கூடுவது வழக்கம்.

நாம் சென்றது ஆவணி மாதத்து விடியற்காலை. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொண்டிருந்தன. ஏலம் கூறுவோரின் குரலும், அலுமினியப் பாத்திரங்களைத் தலையில் ஏந்தி நின்ற பெண்களின் பேச்சும், காகங்களின் கூச்சலும் கலந்து எழுந்தன. கூடை கூடையாக மத்தி. விடியல் வெளிச்சம் பட்டு அவை வெள்ளிக் காசுகள் போல் மின்னின. அக்காட்சியைக் கண்டு, "இனி இம்மக்களுக்குக் குறையேது?" என்று நாம் எண்ணினோம். அவ்வெண்ணம் பிழை என்பதைச் சிறிது நேரத்தில் ஒருவர் நமக்கு உணர்த்தினார்.

அவர் முதியவர். சற்று ஒதுங்கி மணலில் அமர்ந்து, நீண்ட கயிற்றில் தூண்டில் முட்களை ஒழுங்கு செய்து கொண்டிருந்தார். நாம் வணங்கி, "அண்ணாச்சி, சாளை நன்றாகக் கிடைக்கிறது போலும்" என்றோம்.

"கிடைக்கிறது மக்களே. சாளை வந்துவிட்டது. ஆனால், போன என் மகன் வரவில்லையே" என்றார்.

அச்சொல்லின் பொருளை அறிய வேண்டுமாயின், முதலில் மத்தியின் வாழ்க்கையையும், பிறகு தூண்டிற்காரரின் வாழ்க்கையையும் சிறிது அறிதல் வேண்டும்.

மத்தியின் வாழ்வும் மறைவும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் கரையோரத்து மேல்நீர் விலகிச் செல்ல, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அந்நீரோடு உரச் சத்துகளும் எழுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கடற்பாசிகள் அதனால் பெருகுகின்றன. அவற்றையும் நுண்ணுயிர்களையும் உண்டு வாழ்வது மத்தி. மழைக்காலமே அது முட்டையிடும் காலமும் ஆகும். ஏறக்குறைய ஓராண்டில் 15 சென்டிமீட்டர் வளர்ந்து தாயாகிவிடும். அதன் ஆயுள் இரண்டரை ஆண்டே. ஆதலின், ஓராண்டு மழையும் நீரும் பிழைத்தால் அடுத்த ஆண்டே கூட்டம் குறையும். ஓராண்டு நன்றாக அமைந்தால் அடுத்த ஆண்டே பெருகும். இத்துணை விரைவில் ஏறி இறங்கும் செல்வம் வேறு அரிது.

கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் ஆண்டுதோறும் இதைக் கணக்கெடுத்து வருகின்றனர். 1947இல் தோன்றி, முன்பு நம் இராமநாதபுரத்து மண்டபத்தில் இயங்கிய நிலையம் அது. விழிஞ்ஞத்திலும் அதற்கு ஒரு மையம் உண்டு. 2012ஆம் ஆண்டில் கேரளத்தில் பிடிபட்ட மத்தி ஏறத்தாழ 3.9 இலட்சம் டன். 2019இல் அது 44,320 டன்னாகக் குறைந்தது. 2021இல் கிடைத்ததோ 3,297 டன் மட்டுமே. ஒன்பதே ஆண்டுகளில் நூறில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. 2014இல் மத்தியினால் மீனவர்க்குக் கிடைத்த வருவாய் 608 கோடி ரூபாய் என்றும், 2021இல் அது 30 கோடியாகச் சுருங்கிற்று என்றும் அந்நிலையத்தார் கணக்கிட்டனர்.

காரணம் யாது? இரண்டு கூறுவர். ஒன்று, கடல் வெப்பமுற்றமை. 2015இல் பசிபிக் பெருங்கடலில் தோன்றிய 'எல் நினோ' என்னும் வெப்ப மாறுதல் நம் கடலையும் தாக்கி, மத்தியின் உணவையும் வளர்ச்சியையும் கெடுத்தது. மற்றொன்று, மிகுதியாகக் கிடைத்த ஆண்டுகளில் அளவின்றி வாரியமை. தாய் மீனும் குஞ்சும் என்று பாராமல் பிடித்த கூட்டம், கெட்ட காலம் வந்தபோது தாங்கும் வலிமையை இழந்திருந்தது.

இஃது இன்று நேற்று நேர்ந்ததன்று. 1940களில் மலையாளக் கரையில் மத்தி குறைந்தபோது, அப்பகுதியை அந்நாளில் ஆண்ட சென்னை அரசாங்கம், குஞ்சுகளை வாரும் சிறுகண் வலைகளுக்குத் தடை விதித்தது. அவ்வலைகளுள் ஒன்றுக்கு மக்கள் வைத்திருந்த பெயரே 'மத்திகொல்லி வலை' என்பதாகும். பெயர் வைத்தவர்களுக்கு அதன் செயல் தெரிந்தே இருந்தது!

தூண்டிற்காரரின் பாடு

கொல்லத்திற்கு வடக்கே பெரும் வளைய வலைகளால் மத்திக் கூட்டத்தையே வளைத்துப் பிடிப்பது பெருவழக்கு. விழிஞ்ஞத்தைச் சூழ்ந்த தென்கரையில் தூண்டில் தொழிலுக்குத் தனிப் பெயர் உண்டு. கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளை இவர்கள் 'பார்' என்பர். நம் தூத்துக்குடி முத்துக்குளிப்போர் வழங்கும் அதே சொல். எந்தப் பாரில் எந்த மீன் எப்பருவத்தில் தங்கும் என்பதைக் கரையிலுள்ள குன்றையும் கோபுரத்தையும் குறிவைத்து அறிந்து, கலவாய், பாரை, சூரை, நெய்மீன், கணவாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடிப்பர். வலையைப் போல் வாரியெடுப்பது தூண்டிலின் இயல்பன்று. அது கேட்டுப் பெறுவது, பறித்துக் கொள்வதன்று.

இத்தூண்டிலுக்கும் மத்திக்கும் என்ன உறவு? இரட்டை உறவு. முதலாவது, மத்தியே தூண்டிலுக்கு இரை. இரண்டாவது, சூரையும் நெய்மீனும் பாரையும் மத்திக் கூட்டத்தைத் தொடர்ந்தே கரைக்கு அருகில் வருகின்றன. மத்தி இல்லையேல் முள்ளில் குத்த இரையும் இல்லை. இரை தேடி வரும் பெருமீனும் இல்லை.

"அந்த ஆண்டுகளில் எவ்வளவு தொலைவு போனோம், தெரியுமா?" என்றார் முதியவர். "முன்பு விடியும் முன் போய்ப் பொழுது ஏறுவதற்குள் வந்துவிடுவோம். பிறகு கரை மறையும் அளவுக்கு ஓட வேண்டியதாயிற்று. இயந்திரத்திற்கு எண்ணெய்க் கடன், இரைக்குக் கடன். வெளியூரிலிருந்து பனிக்கட்டியில் வந்த சாளையை விலைக்கு வாங்கி முள்ளில் குத்தினோம். கடலில் இருப்பவன் கடையில் மீன் வாங்கினால் அந்த வீடு தேறுமா? என் மகன் இரண்டு வருஷம் பார்த்தான். மூன்றாம் வருஷம் துபாய்க்குப் போய்விட்டான்."

நேயர்களே, இச்சொற்கள் நம் உள்ளத்தில் தைத்தன. மழை பொய்த்ததால் வந்தோர், தறி நின்றதால் வந்தோர், கடன் மிகுந்ததால் வந்தோர் நம்மிடையே எத்தனை பேர்! மீன் போன வழியே மகனும் போனான். ஆனால், மீனுக்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நீர் குளிர்ந்து இரை பெருகினால் மீன் மறு ஆண்டே திரும்பிவிடும். மனிதனோ, ஒரு முறை பெயர்ந்தபின் ஓராண்டு நன்மையை நம்பித் திரும்ப மாட்டான்.

"சாளை வந்ததை மகனுக்குச் சொன்னீர்களா?" என்று வினவினோம்.

"சொன்னேன். 'அப்பா, அது எத்தனை வருஷம் நிற்கும்?' என்று கேட்டான். நான் என்ன சொல்வேன் மக்களே?" என்று கூறி, அவர் மீண்டும் முட்களைச் சீர் செய்யலானார்.

மீட்சியும் சோதனையும்

'எத்தனை வருஷம் நிற்கும்?' என்பதே இக்கட்டுரையின் வினா. 2023இல் கேரளத்து மத்தி 1.38 இலட்சம் டன்னாக உயர்ந்தது. 2024இல் 1.49 இலட்சம் டன் கிடைத்தது. களிப்பிற்குரிய செய்தியே. ஆயினும், அதே 2024இல் நிகழ்ந்ததைப் பாருங்கள். ஆனி மாதத்தில் மீன் அருகியபோது கடைத்தெருவில் கிலோ 300 ரூபாய்க்கு மேல் விற்ற மத்தி, ஆண்டின் பிற்பகுதியில் துறையிலேயே கிலோ 20, 30 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. ஏன்? வந்தவை பெரும்பாலும் சிறிய மீன்கள். நல்ல மழையால் குஞ்சுகள் அளவிறந்து பிறந்தன; பிறந்தவை யாவும் ஒரே உணவுக்குப் போட்டியிட்டதால் வளர்ச்சி குன்றின. அவற்றை அவ்வாறே வாரிக் கரை சேர்த்தபோது உண்பாரும் இல்லை, விலையும் இல்லை. இத்தகைய சிறு மீன்கள் தீவனத் தொழிற்சாலைகளுக்கும் உரத்திற்கும் போவது வழக்கம்.

இல்லாமை மனிதனைச் சோதிக்கிறது என்பர். பெருக்கமே அதனினும் கடிய சோதனை என்று நாம் கருதுகிறோம். இல்லாதபோது பொறுமை தானே வந்துவிடும், வேறு வழியில்லை. திரும்பி வந்த செல்வத்தைக் கண்டும் கையை அடக்குவதுதான் அரிய செயல். இச்சோதனையில் வென்றவரும் தோற்றவரும் உலகில் எவர் என்பதற்கு வேற்று நாட்டு மீன் ஒன்றின் கதை துணை செய்யும்.

சால்மன் புகட்டும் பாடம்

மேலை நாடுகளில் சால்மன் என்றொரு பெருமீன் உண்டு. ஆற்றின் தலைப்பில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே மீளும் இயல்புடையது. பிறந்த ஆற்று நீரின் வாசனையை நினைவிற்கொண்டு அது வழி அறிகிறது என்று அறிஞர் கூறுவர். ஊர்ப்பற்றுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

இலண்டன் மாநகரின் தேம்சு ஆற்றில் 1833க்குப் பின் சால்மன் காணப்படவில்லை. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் ஆற்றைக் கொன்றன. 1957இல் அவ்வாறு உயிரற்றது என்றே அறிவிக்கப்பட்டது. கழிவு நீரைத் தூய்மை செய்யத் தொடங்கிய பின், 1974இல் ஒரு சால்மன் அங்கே அகப்பட்டது. நகரமே வியந்தது. பின்னர் ஆண்டுதோறும் குஞ்சுகளைக் கொண்டு வந்து விட்டனர். 1983இல் தூண்டிலில் ஒரு சால்மன் சிக்கியபோது தூண்டிற்காரர் உலகம் விழாக் கொண்டாடியது. 1993இல் 338 மீன்கள் எண்ணப்பட்டன. அதன் பிறகு எண்ணிக்கை வீழ்ந்தது. 2011இல் வெளியான ஆராய்ச்சி, அண்மையில் அங்கே வந்த சால்மன்கள் வேறு ஆறுகளிலிருந்து தாமாக வழிதவறி வந்தவை என்றும், கொண்டு வந்து விட்ட குஞ்சுகளின் வழி வந்தவை அல்ல என்றும் காட்டிற்று. மீனைக் கொண்டு வந்து விட்டால் மட்டும் போதாது. அது வாழும் வழியைத் திருத்த வேண்டும் என்பது தேம்சு தந்த பாடம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள எல்வா ஆற்றின் கதை வேறு. ஏறக்குறைய நூறு ஆண்டு சால்மனின் வழியை மறித்து நின்ற இரு அணைகளை 2011 முதல் 2014 வரை உடைத்து அகற்றினர். மீன்கள் மேலேறத் தொடங்கின. அப்போது அவ்வாற்றங்கரையில் தொன்றுதொட்டு வாழும் கிளாலம் என்னும் பழங்குடியினர் செய்தது என்ன? வலையையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடினரா? இல்லை. 2011 முதலே அனைவர்க்கும் அங்கே மீன்பிடித் தடை இருந்தது. அணையை அகற்ற நெடுங்காலம் போராடிய அவர்களே தங்களுக்கும் அத்தடையை ஏற்றுக் கொண்டனர். 2023இல்தான், தங்கள் சடங்குக்கும் உணவுக்கும் என அளவாகச் சில மீன்களைப் பிடித்தனர். பன்னிரண்டு ஆண்டு நோன்பு அது! 2024இல் கிளாமத் என்னும் மற்றோர் ஆற்றிலும் நான்கு அணைகள் அகற்றி முடிந்தன. சில நாட்களுக்குள் சால்மன் அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே சென்றது. நூறு ஆண்டு அடைபட்ட வழியையும் மீனினம் மறக்கவில்லை.

நம் கடலுக்கு உரிய நோன்பு

நம் மீனவர் பன்னிரண்டு ஆண்டு தொழிலை நிறுத்த முடியுமா? முடியாது, வேண்டுவதும் இல்லை. மத்தி ஓராண்டில் தாயாகும் மீன். அதற்கு வேண்டிய நோன்பு சில மாதங்களே. கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு; இப்போது அது 52 நாள். 2015இல், இந்தியாவிலேயே முதன்முறையாக, பிடிக்கத்தகும் மீனின் குறைந்த அளவைக் கேரள அரசு சட்டமாக்கிற்று. மத்திக்கு அவ்வளவு 10 சென்டிமீட்டர். நம் கணக்கில் கூறினால், அரைச் சாணுக்குச் சற்றுக் குறைவு.

தூண்டிற்காரர்க்கு உதவியாக மற்றொரு முயற்சியும் நடந்தது. 2024 பிப்ரவரியில் விழிஞ்ஞத்தில் தொடங்கிய திட்டத்தின்படி, பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 ஊர்களின் கடலில், ஊருக்கு 150 வீதம் 6,300 கான்கிரீட் அமைப்புகளை இறக்கிச் செயற்கைப் பார்கள் உண்டாக்க ஏற்பாடாயிற்று. முக்கோணமாகவும் மலர் வடிவிலும் கிணற்று உறை போலவும் செய்யப்பட்ட இவற்றில் சிப்பியும் பாசியும் படிய, சிறு மீன்கள் அடைக்கலம் புக, பெருமீன் தேடி வரும் என்பது நோக்கம். வலை சிக்கும் இடமாதலால் இழுவைப் படகு அணுகாது. தூண்டிலுக்கு அது தனி வயல்.

இக்கடலுக்குப் புதிய விருந்தினரும் வந்துள்ளனர். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவரோடு விழிஞ்ஞத்தில் எழுந்த பெருந்துறைமுகத்திற்கு 2024 ஜூலையில் முதல் பெட்டகப் பெருங்கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் நாள் அது நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. கரை அரிக்கிறது, வீடும் தொழிலும் போகின்றன என்று 2022இல் கடற்கரை மக்கள் மாதக்கணக்கில் கிளர்ச்சி செய்ததையும் நாம் மறத்தற்கில்லை. 2025 மே 25இல், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கிற்று. பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரத்துக் கரை வரை ஒதுங்கின. மீன் உண்ணலாமா என்று மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தின் விலையை மீன் விற்கும் பெண்களே முதலில் செலுத்தினர். நாட்டிற்குத் துறைமுகம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கடலைப் பொதுவாகப் பயன்படுத்துவோர் அதன் துன்பத்திலும் பங்கு கொள்ள வேண்டும் என்பதே நாம் கூறுவது.

நம் வீட்டார் செய்யத்தக்கது

கப்பலையும் காற்றையும் நாம் ஆள முடியாது. ஆனால், சந்தைக்குப் போகும் நம் கையில் ஒரு சிறு அதிகாரம் உண்டு. வாங்குவார் இல்லாத பொருளை எவரும் கொணரார். ஆதலின் நம் சங்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மத்தி வாங்கும்போது விரல்களை விரித்து அரைச் சாண் அளந்து பாருங்கள். அதற்குக் குறைந்ததாயின், எத்துணை மலிவாயினும் வேண்டா என்று விடுங்கள். நாள்தோறும் வரும் மீன்காரம்மாவிடம், "அம்மா, குஞ்சுச் சாளை எங்களுக்கு வேண்டாம், வளர்ந்தது வரட்டும், அதற்கு விலை தருகிறோம்" என்று அன்பாகச் சொல்லுங்கள். பேரம் பேசுவதில் வல்லவர்களாகிய நாம், இவ்விடத்தில் மட்டும் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தால் குறைந்து போக மாட்டோம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மீன் உண்ணாத வீட்டுப் பிள்ளைகளும் அறியத்தக்க செய்தியே இது.

நாம் விடைபெற்றபோது வெயில் ஏறியிருந்தது. முதியவர் இரைக்காக ஒரு கூடையிலிருந்து மத்திகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தார். பெரியவற்றையே எடுத்தார். "சிறியதை முள் தாங்காது" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "கடலும் தாங்காது" என்றார்.

ஒரு பருவத்து வரவைக் கண்டு ஊர் திரும்புவார் இல்லை. மீன் நிலைத்தால்தான் தொழில் நிலைக்கும். தொழில் நிலைத்தால்தான் துபாயிலிருக்கும் அம்மகன் தந்தையின் தூண்டிலை எடுக்கத் துணிவான். மத்தி திரும்பி வந்துவிட்டது. அதைத் தங்க வைப்பது, கடலில் வலை வீசுவோர் கையிலும், கரையில் கூடை ஏந்துவோர் கையிலும், அடுக்களையில் சட்டி ஏற்றும் நம் கையிலும் இருக்கிறது.